சேன் தெனியில் இரண்டு பகல்

ஒரு யூரோவுக்கு மொரிஷியஸ் காசு ஐம்பது.
ஊர்க் காசுக்குக் கிட்டத்தட்ட நூறு.
எதைப் பார்த்தாலும்
மூன்று முறை பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏறி இறங்க முக்கால் மணி நேரம்,
திருப்பூரிலிருந்து கோயமுத்தூர் போய்ச்சேரக்கூடப் பத்தாது.
ஆனால் விமானச் சீட்டுக்காக
ஏலச்சீட்டு கட்டியது பதினோரு மாதம்.

"அங்க போய் என்னத்தக்கா பாக்கப் போற?"
மேல்கட்டில் தங்கநாயகி கேட்டாள்.

ஆறு வருஷமாய்
பிரான்சுக்குப் போகிற சட்டைகளுக்குப்
பிசிறு வெட்டுகிறேன்.
ஒருதரம் சட்டை போன பக்கம் நானும் போகலாமே.
முழுப் பிரான்சு முடியாது.
இது கடலுக்கு நடுவில் இருக்கிற,
என் காசுக்கு எட்டின பிரான்சு.

பாரிஸ் தெரு என்றே ஒரு தெரு,
கடலில் தொடங்கித் தோட்டத்தில் முடிகிறது,
சாக்பீஸால் கோடு போட்டு வெட்டின துணிபோல.
வெள்ளைத் தூண்கள்.
இறவாரம் நெடுக மரத்தில் கத்தரித்த லேஸ்.
மூன்றாவது மாளிகையில்
லேஸுக்கு ஒரு பல் குறைவு.
என் மேசைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.
இங்கே அதற்கு முன்னால் நின்று
படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மதில் மூலையில் ஒரு குட்டி மண்டபம்:
உள்ளே இருப்பவர் தெருவைப் பார்க்க,
தெரு அவரைப் பார்க்காமலிருக்கக் கட்டினதாம்.
அதன் நிழல் என் பக்கம் விழுந்தது.
நிழலுக்குச் சீட்டில்லை.
உட்கார்ந்து மூன்று சமோசா தின்றேன்,
ஒன்றரை யூரோ,
ஊரில் வடையோடு ஒரு சாப்பாடு.

அருங்காட்சியகம் ஆறு.
வாசலில் நின்று படிக்கட்டை மட்டும் பார்த்தேன்.
நல்ல படிக்கட்டு.

பீரங்கிகள் இலவசம்.
இன்னும் கடலைக் குறிபார்த்தபடி நிற்கின்றன.
சற்றே வலப்பக்கம் திருப்பிச் சுட்டால்
எங்கள் ஆலை.
அன்றைக்கு ஞாயிறு;
புல்வெளியெங்கும் குடும்பம் குடும்பமாய்
குண்டானோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.
காற்று மஞ்சளும் பூண்டுமாய் வந்தது.
யாரும் கூப்பிடவில்லை.
கூப்பிட்டால் போயிருப்பேன்.

கட்டில் மலிவென்று மேட்டில் எடுத்திருந்தேன்,
பத்துப் பேருக்கு ஓர் அறை.
சாயங்காலப் பேருந்தில் ஓட்டுநர் ஒரு பெண்,
சுருட்டை முடி, கழுத்தில் சிலுவையும் கறுப்புக் கயிறும்.
சட்டையில் குத்திய பெயர்
பை விளிம்பைத் தாண்டி நீண்டது.
எழுத்துக் கூட்டி, வாய்விட்டே படித்துவிட்டேன்:
முத்துக் குமாரப் பிள்ளை.

"ஆன்கோர்" என்றாள்.
அந்தச் சொல் தெரியும்.
உருப்படி குறைந்தால் மேற்பார்வையாளர் கத்துவது:
இன்னும்.
இன்னொருதரம் சொன்னேன்.
சொல்லிப் பார்த்தாள். 'ள்ளை'யில் நாக்கு மடங்கவில்லை.
பின்னால் நின்றவன் இருமினான்.
இரண்டு யூரோ என்றாள்.
வாங்கிக்கொண்டு சீட்டைக் கிழித்தாள்.

மூன்றாவது கொண்டையூசி வளைவில்
கண்ணாடிக்குள் அவள் உதடு அசைந்தது.
பெயரா பாட்டா, தெரியவில்லை.

மறுநாள் கிளம்புகிற அவசரத்தில்
ஒரு துணிக்கடை, வாசலோரக் கம்பி,
தள்ளுபடி.
நீலக் கோடு போட்ட சட்டை.
கை தானாக உள்பக்கம் புரட்டியது.
எங்கள் தையல். எங்கள் வரிசையில் தைத்தது.
முப்பத்தொன்பது யூரோ.
தள்ளிய பிறகு.
முதல்முறையாக நான் மூன்று கணக்கும் போடவில்லை;
போட்டால் விமானம் போய்விடும்.

காலர் அடியில் ஒரு பிசிறு தொங்கியது.
கத்தரி விடுதியில்.
பல்லால் கடித்தேன்.
கடைப்பெண் ஓடி வருவதற்குள்
"பொன்ழூர்" என்று சொல்லிவிட்டு
பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்,
நாக்கில் நீல நூல்.

தங்கநாயகி தூங்காமல் காத்திருந்தாள்.
"பிரான்சு எப்படிக்கா?"

"காலர்ல ஒரு பிசிறு இருந்துச்சு.
மத்தபடி
பாஸ் பண்ணிட்டேன்."